ஜீப்பில் கேட்ட உன் குரல்

ஜமுனாமரத்தூர்,
மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் பிரவின்ராஜுக்கு அம்மா எழுதுவது. நீ நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே அப்பா சுகம். நானும் சுகம் என்று எழுதினால் பாதி பொய்யாகிவிடும், இடது தோள் எலும்பில் விரிசல், கையைக் கழுத்தோடு சேர்த்துத் தொங்கவிட்டுக் கட்டியிருக்கிறார்கள், வலது கை நன்றாக இருப்பதால் எழுத முடிகிறது. கோகுல்ராஜ் ஓட்டிய ஜீப் கவிழ்ந்ததை அப்பா உனக்குப் போனில் சொன்னார், பிரேக் பிடிக்கவில்லை என்றார், அவருக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான். மீதியை நான் சொல்கிறேன். போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்புவாய், இல்லாவிட்டால் டவர் இல்லை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவாய், கொஞ்ச நாளாகவே நீ அப்படித்தான். அதனால் போளூரிலிருந்து லீவு முடிந்து நாளைக்குத் துபாய்க்குத் திரும்பும் நம் டோமினிக்கிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன், அவனை விரட்டாதே.

அன்றைக்கு நம் டீக்கடையில் உளுந்தும் எண்ணெயும் தீர்ந்துவிட்டது. மதியத்துக்குமேல் போளூர் போய் வாங்கி வரலாம் என்று வந்தால் பஸ் போய்விட்டது, கோகுல் ஜீப் நின்றுகொண்டிருந்தது. பின்னால் புளி மூட்டைகள், மூட்டைகளுக்கு நடுவில் அவன் அம்மா பாஞ்சாலை, இந்த வருஷம் அவர்கள் மரம் நன்றாகக் காய்த்ததாம், மண்டிக்குத் தானே போய் எடை பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தாள். என்னை முன்சீட்டில் ஏறச் சொன்னாள். கோகுல் எப்போதும் வளவளவென்று பேசுகிறவன், பத்தாவது வரைக்கும் உன்கூட ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அன்றைக்கு வாயே திறக்கவில்லை. ஸ்டீயரிங் பக்கத்தில் போனை மாட்டி வைத்திருந்தான், காதில் ஒயர். ஒருநாள் கோப்பை மேட்ச் நடக்கிறதென்று எனக்கும் தெரியும், கடைக்கு வருகிறவர்கள் அந்தப் பேச்சாகத்தானே இருந்தார்கள். பார்க்கிறான் போலிருக்கிறது என்று நினைத்து, ரோட்டைப் பாருடா சாமி என்று ஒரு தடவை சொன்னேன், தலையாட்டினான்.

மலை இறக்கத்தில் ஒரு குலுக்கல் குலுக்கியதில் ஒயர் பிடுங்கிக்கொண்டது, போனில் இருந்தது வெளியே சத்தமாகக் கேட்டது. அதில் ஒரு ஆள், “அண்ணன் சொல்றேன் கேட்டுக்கோங்க, நான் ஸ்டேடியத்துலதான் குந்திக்கினு இருக்கேன், பிட்ச்ச கண்ணால பாத்துட்டுத்தான் சொல்றேன், அடுத்த ஓவர் அஞ்சு ரன்னத் தாண்டாது, தெகிரியமா காசு போடுங்க, விட்டதெல்லாம் இந்த ஒரே ஓவர்ல வூடு வந்து சேரும்” என்று பேசினான். எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது ராஜா, அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது, என் பிள்ளை குரல் எங்கிருந்தோ கேட்கிறதே என்ற சந்தோஷம். சென்னை ஏர்போர்ட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு இதே மாதிரிதானே ‘தெகிரியமா இரும்மா’ என்று சொல்லிவிட்டுப் போனாய். அடுத்த நொடியில்தான் நீ என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்பது மண்டையில் ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் கோகுல் ஒரு கையால் போனை அழுத்திக்கொண்டிருந்தான், வளைவு வந்துவிட்டது, அவன் அதைப் பார்க்கவில்லை.

பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கம் மோதியது, அது ஒன்றுதான் கடவுள் கிருபை. வண்டி ஓரக் கால்வாயில் சாய்ந்தது, மூட்டைகள் எல்லாம் சரிந்து பாஞ்சாலை மேல் விழுந்தன. அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கிட்டத்தில் புளி உலுக்கிக்கொண்டிருந்த ஆட்கள் ஓடிவந்து மூட்டையைத் தூக்கினார்கள், அவள் வலது தொடை இருக்கக்கூடாத விதத்தில் மடங்கியிருந்தது. கோகுலுக்கு நெற்றியில் ஒரு கீறலோடு சரி. ஆம்புலன்ஸ் வந்து போளூருக்குக் கொண்டுபோய், அங்கே முடியாது என்று வேலூருக்கு அனுப்பினார்கள். வந்து கேட்ட அத்தனை பேரிடமும் அவன் பிரேக் பிடிக்கலை, பிரேக் பிடிக்கலை என்று ஒன்றையே சொன்னான். நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தக் குரல் உன்னுடையதாக இருக்காது, ஒரே மாதிரிக் குரல் எத்தனையோ பேருக்கு இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எனக்குக் கட்டுப்போட்ட பிறகு வார்டுக்கு வெளியே கோகுலைத் தனியாகப் பிடித்தேன். அவன் மனைவி ரேணுகாதேவி கூட இருந்தாள். போனில் பேசியது யார்டா என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, “பிரேக்குன்னே இருக்கட்டும்மா. அவன் பேரு வெளிய வந்தா ஊர்ல உங்களுக்கு இன்னா மரியாத இருக்கும், கடைக்கு எவன் வருவான், வுடுங்க” என்றான். நான் விடவில்லை. பொங்கலுக்கு நீதான் அவனுக்குப் போன் செய்தாயாம், பந்தயம் கட்டுகிற போன் குரூப்பில் துபாய் அண்ணன் என்று பேசுவது நான்தாண்டா, நீயும் சேர், நம்ம பசங்களையும் சேர்த்துவிடு என்றாயாம். “மொதல்ல நூறு எரநூறுதாம்மா. நம்ம பிரவின் சொல்றான்னா அவனுக்கு அங்க எதுனா தெரிஞ்சிருக்கும்னு நம்பினேன்” என்று சொல்லிவிட்டு அவன் அழுதான். ரேணுகாதேவி அழவில்லை. அவள் சொன்னாள், “தெரியறதாவது மண்ணாவது. எங்க அண்ணன் ஆலங்காயத்துல வேற குரூப்புல கீறான். ஒரே மேட்ச்சு, ஒரே குரலு, இவருக்கு இந்தியா ஜெயிக்கும்னு சொல்லுது, எங்க அண்ணனுக்குத் தோக்கும்னு சொல்லுது. எது நடந்தாலும் பாதிப் பேரு துபாய் அண்ணன் வாக்குப் பலிச்சிச்சுன்னு கையெடுத்துக் கும்புடுவான். தோக்கறவன் தோக்கத் தோக்க அந்தப் பந்தயம் கட்டுற போன் ஆப்புக்காரன் உங்க புள்ளைக்குக் காசு தர்றான்.” அது தெரிந்த பிறகுமாடா விளையாடினாய் என்று கோகுலைக் கேட்டேன். “தெரிஞ்சப்புறம்கூட விட முடியலம்மா, அடுத்த ஓவர்ல வந்துரும் வந்துரும்னு கை தானாப் போவுது” என்றான். வண்டியின் ஆர்.சி. புத்தகம் ஏற்கெனவே அடகுக்குப் போயிருந்ததாம், அதுவும் பாஞ்சாலைக்குத் தெரியாது.

பிரவினு, அன்றிலிருந்து கடைக்கு வருகிற ஒவ்வொரு ஆளையும் பார்க்கும்போது இவன் எந்தக் குரூப்பில் இருப்பானோ, உன் பேச்சைக் கேட்டு என்னத்தை விட்டானோ என்று தோன்றுகிறது. டீ குடிக்கும்போது யாராவது போனைக் காதில் வைத்தால் உன் குரலா என்று பக்கத்தில் போய்க் காதுகொடுக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய் மாடியில் ரூம் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியை வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். நீ அனுப்பிய பணத்தில் வாங்கிய சிமெண்ட் மூட்டை பிரிக்காமல் கிடக்கிறது, பக்கத்தில் போகக்கூட மாட்டேன் என்கிறார். உன்னை நினைத்தும் பயம்தான். அந்த ஊரில் சூதாட்டம் என்றால் போலீஸ் பிடித்துப் போய்விடும் என்று டோமினிக் சொல்கிறான், நீ குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்வதாகச் சொன்னதாவது உண்மையா, உன் பாஸ்போர்ட் உன் கையில்தான் இருக்கிறதா, எவனாவது மிரட்டி உன்னை இப்படிப் பேசவைக்கிறானா? அப்படி எதுவாக இருந்தாலும் டோமினிக்கிடம் வாய்விட்டுச் சொல், எப்படியாவது உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம். நீயாக விரும்பிச் செய்கிறாய் என்றால் அதையும் அம்மாவிடம் மறைக்காமல் சொல்.

பாஞ்சாலைக்கு ஆப்பரேஷன் செய்து தொடைக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். அவள் கண் விழித்து நன்றாகப் பேசுகிற நாள் பார்த்து நான் போனேன். கஞ்சி கொண்டுபோயிருந்தேன், வழக்கம்போல என் பிள்ளையைத்தான் முதலில் விசாரித்தாள், “பிரவினு போன் பண்ணானா மேரிம்மா, எங்கூடப் பேசச் சொல்லேன்” என்றாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. கோகுலும் ரேணுகாதேவியும் நிற்கும்போதே சொல்லிவிட்டேன், பிரேக்கில் ஒன்றும் கோளாறு இல்லை பாஞ்சாலை, உன் பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான், போனில் இருந்தது என் பிள்ளை என்று. நீ குரூப்பில் என்ன செய்கிறாய் என்பதையும் எனக்குப் புரிந்த அளவுக்குச் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள், எழுந்து போ என்பாள் என்று காத்திருந்தேன். அந்தக் குரலைப் போடு, நான் கேட்கணும் என்றாள். கோகுல் மாட்டேன் என்றான், ரேணுகாதேவிதான் போனை வாங்கி, குரூப்பில் பதிவாகிக் கிடந்த உன் பேச்சைப் போட்டாள். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முழுசாகக் கேட்டாள், இன்னொன்று போடு என்றாள், அதையும் கேட்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, “பொய் சொல்றப்ப இம்மாம் அழகாப் பேசுறானே நம்ம புள்ள” என்றாள். நம்ம புள்ள என்றுதான் சொன்னாள். அதற்கு அவள் என்னை அடித்திருக்கலாம்.

மறுபடியும் அவளேதான் பேசினாள். “டாக்டரக் கேட்டா நான் நடப்பேனா மாட்டேனான்னு இப்ப சொல்ல முடியாதுன்றாரு. சாமை வெதைக்கிறதுக்குள்ள காட்டுக்குப் போயிருவேனா, இல்ல இப்படியே குந்த வெச்சிருவாங்களான்னு எனக்கு ராவும் பகலும் அதே நெனப்பு. அவனுக்குத்தான் நடக்கப்போறது எல்லாம் முன்கூட்டியே தெரியுமாமே, எங்கிட்ட வந்து நின்னு இத மட்டும் சொல்லச் சொல்லு மேரிம்மா” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. நான் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு மாலையே கோகுல் ஸ்டேஷனுக்குப் போய், பிரேக் இல்லை, நான்தான் போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள், கேஸ் நடக்கும் என்கிறார்கள். உன் பேரைக் கேட்டார்களா என்றேன், கேட்டார்கள், அவனே வந்து சொல்லிக்கொள்வான் என்று சொன்னேன் என்றான். அவன் இப்போது அம்மாவுக்குப் பதிலாகப் புளி உடைக்கப் போகிறான், போனை ரேணுகாதேவியிடம் கொடுத்துவிட்டான், இருந்தாலும் மேட்ச் நேரமானால் கை சட்டைப்பையைத் தடவுகிறது என்று அவள் சொல்கிறாள். நானும் தினம் வேலூருக்குப் போய்வருகிறேன், பாஞ்சாலைக்குத் தலைவாரிவிட ஒரு கை போதும்.

நீ அழுது போன் செய்வதோ, பணம் அனுப்புகிறேன் என்பதோ எனக்கு வேண்டாம், அந்தப் பணத்தைப் பாஞ்சாலையும் தொடமாட்டாள், நானும் தொடமாட்டேன். நான் கேட்பது இதுதான். நீ எத்தனை குரூப் வைத்திருக்கிறாயோ அத்தனையிலும், இதே குரலில், கடைசியாக ஒரு தடவை பேசு. என் பெயர் பிரவின்ராஜ், சந்தியாகப்பன் மகன், ஜவ்வாதுமலைக்காரன், நான் எந்த ஸ்டேடியத்திலும் இல்லை, யார் ஜெயிப்பார் யார் தோற்பார் என்று எனக்கு ஒன்றும் தெரியாது, ஆளுக்கு ஒன்றாகச் சொல்லி உங்களை ஏமாற்றினேன், இனிமேல் யாரும் போடாதீர்கள் என்று சொல். சொல்லிவிட்டு எல்லாவற்றையும் மூடு. அந்த ஆப்புக்காரர்களால் உனக்கு ஆபத்து வரும் என்றால் டோமினிக் ரூமுக்குப் போய்விடு, அவனிடம் பேசியாகிவிட்டது. பிறகு டிக்கெட் எடுத்து ஊருக்கு வா. வந்தால் போலீஸ் கேட்கும், கேட்கட்டும், அப்பாவும் நானும் உன்னோடு வருவோம். ஊர் என்ன பேசும் என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, பயந்துகொண்டேதான் பாஞ்சாலையிடமும் சொன்னேன்.

சாப்பாட்டை விட்டுவிடாதே. வெயிலில் தலையில் துணி இல்லாமல் போகாதே. ஈஸ்டருக்கு முன்னால் ஒரு நல்ல சாமியாரைப் பார்த்து, செய்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடு. நீ எதைச் செய்திருந்தாலும் என் வயிற்றில் பிறந்தவன், உன்மேல் என் கோபம் எவ்வளவு இருக்கிறதோ அதைவிட உன்னைப் பற்றிய கவலை அதிகம். மாதா உன் புத்தியைத் தெளிய வைக்கட்டும், உன்னைச் சேதாரம் இல்லாமல் வீடு சேர்க்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

ஒன்று மறக்காதே. வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் ரேணுகாதேவி போனை எடுத்துக்கொண்டு நம் கடைக்கு வருவாள். நானும் அப்பாவும் அவளோடு உட்கார்ந்திருப்போம். நீ சொல்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டோம்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ச. ஞானமேரி.