ரம்யாவைச் சிரிக்க வைத்த வாத்தியார்

ஆடி, இரண்டாம் வெள்ளி.

சங்ககிரியில் லாரியை நிறுத்திவிட்டு மகள் ரம்யாவின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெற்றோர் வந்து பார்க்கும் நாள். கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரே சிரிப்பு. அதில் அவள் சிரிப்பு தனியாகக் கேட்டது. அவளை அப்படிச் சிரிக்க வைக்க என்னால் மட்டும்தான் முடியும் என்று இருந்தேன்.

வாத்தியாருக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி மிசினாக்கி, மற்றவர்களை வழி சொல்ல வைத்தார். புரோகிராம் எழுதுவதும் இதேதானாம். அப்போது ரம்யாதான் மிசின்.

"ஏனுங்க சார், வழி சொல்றது எம்பட தொழிலுங்க" என்று உள்ளே புகுந்து, லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் குரல் கொடுப்பதுபோல் ஆரம்பித்தேன். "வா, வா, லேசா ரைட்டு ஒடி, இன்னும் வா சாமி!"

பிள்ளை நேராகப் போய் மேசையில் முட்டிக்கொண்டாள்.

"எத்தனை அடின்னு சொல்லோணுமுங்கண்ணா. மிசினு தானா நிக்காதுங்க" என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. ஊரையே கிண்டல் செய்கிறவன் நான். போகட்டும். கண்கட்டை அவிழ்த்த ரம்யாவும் அவரைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

திரும்பி வரும்போது, "உங்க சாருக்கு லாரி ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா கண்ணு?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எத்தனை அடின்னே சொல்லத் தெரியலீங்களேப்பா" என்றாள்.

இப்போதுதான் கட்டிலிலிருந்து கதவு வரை நடந்து பார்த்தேன். நேராக நான்கு அடி, வலப்பக்கம் திரும்பி இரண்டு. நாளைக் காலையில் என் கண்ணைக் கட்டிக்கொண்டு அவளை வழி சொல்லச் சொல்வேன். எவ்வளவு சரியாகச் சொன்னாலும் பீரோவில் போய் முட்டுவேன். யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள், பார்த்துவிடலாம்.