மன்னிப்பதற்கு முன் அனுமதி

சலைனா, கான்சாஸ்
செப்டம்பர் 14

அன்புள்ள மாரெனுக்கு,

நீயும் குழந்தையும் உன் அம்மாவும் ஐடஹோவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். இந்தக் கையெழுத்து உனக்குப் பழக்கமில்லாதது. உன் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதியவர் என் கணவர் ஆர்லிஸ். நான் உறையை ஒட்டிக் கொடுத்ததோடு சரி.

இங்கே மழை பொய்த்துவிட்டது. புதிய பாதிரியார் வந்திருக்கிறார். குரல் சின்னது, பிரசங்கம் நீளம். ஆர்லிஸ் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தான் இனிப் போகவே போகாத மலைப்பாதைகளின் பனி நிலவரத்தை வானொலியில் கேட்கிறார். லாரியை அவருடைய கூட்டாளி டுவெய்னுக்கு விற்றுவிட்டோம். டுவெய்ன் நல்ல மனிதர். எங்கள் தெருமுனையைக் கடக்கும்போதெல்லாம் அந்த லாரியின் ஹாரனை அடித்துவிட்டுப் போகிறார். அது ஆர்லிஸுக்கு ஆறுதல் என்று நினைக்கிறார். அப்படி வாரம் இரண்டு முறை ஆறுதல் கிடைக்கிறது.

மே மாதத்துக்குப் பிறகு உன் கடிதம் வரவில்லை. நாங்கள் வக்கீலைப் பார்த்த சேதி உன் அம்மாவுக்கு எட்டியிருக்கும். எழுதாதே என்று சொல்லியிருப்பார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆகவே நடந்ததை நானே முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆர்லிஸ் மேல் மோதிய உன் காருக்கு நீ எடுத்திருந்த காப்பீடு, சட்டம் கேட்கிற குறைந்தபட்சம். அதில் தவறில்லை, சட்டம் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தத் தொகை ஆர்லிஸை ஹெலிகாப்டரில் ஏற்றி இறக்கி, முதல் வாரத்தை ஓட்டுவதற்குச் சரியாக இருந்தது. முதுகெலும்பு அதன் பிறகும் உடைந்தேதான் இருந்தது.

ஆனால் உன்னைப் போன்ற ஒருவரை ஆர்லிஸ் பல வருடங்களாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். மோதுகிறவரிடம் காப்பீடு இல்லாவிட்டாலோ, இருப்பது போதாவிட்டாலோ, மீதியை நம்முடைய நிறுவனமே தரும் என்று ஒரு ஏற்பாடு உண்டு. சொந்த லாரி வைத்திருக்கிற ஓட்டுநர்களில் பலர் அது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மிச்சப்படுகிற பணத்தில் டயர் வாங்குவார்கள். ஆர்லிஸ் வருடம் தவறாமல் கட்டினார். டுவெய்ன் அவரைச் சீண்டுவார்: "ஏம்ப்பா, எதிர்ல வர்றவன் ஏழையா இருக்கணும்னு காசு கட்டி வேண்டிக்கிறியா?" ஆர்லிஸ், "வேண்டிக்கிறதில்லப்பா, எதிர்ல வர்றவங்களப் பாத்திருக்கேன்" என்பார்.

ஆக, செய்ய வேண்டியதை எல்லாம் செய்திருந்தார். பிறகு நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய்.

நான் காபி வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தபோது குழந்தை அவருடைய நல்ல கையில் தூங்கிக்கொண்டிருந்தது. நீ அழுதுகொண்டிருந்தாய். உன் காப்பீட்டு நிறுவனத்து ஆள் காகிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். உன்னை எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுவித்து ஆர்லிஸ் கையெழுத்துப் போட்டிருந்தார். "பாவம், சின்னப் பொண்ணு" என்று என்னிடம் சொன்னார். காபி கொட்டாமல் கொண்டுவந்ததற்காக என்னைப் பாராட்டவும் செய்தார்.

ஒரு மாதம் கழித்து எங்கள் நிறுவனத்தின் பதில் வந்தது. மீதியைக் கொடுத்த பிறகு அதை உன்னிடம் வசூலிக்கிற உரிமை அவர்களுக்கு உண்டாம். அவர்களுடைய எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் உன்னை விடுவித்து, அந்த வழியை ஆர்லிஸ் அடைத்துவிட்டாராம். ஆகவே எதுவும் தருவதற்கில்லை என்று வருத்தத்துடன் தெரிவித்திருந்தார்கள். அதாவது, மன்னிப்பதற்கு முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். தேவாலயத்தில் நாற்பது வருடமாக மன்னிப்பைப் பற்றிக் கேட்கிறேன். இந்த உட்பிரிவை இதுவரை யாரும் வாசித்ததில்லை.

வக்கீல் பிட்மன் அந்த விடுவிப்புக் காகிதத்தின் பிரதியைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். கையெழுத்துக்குக் கீழே ஆர்லிஸ் நாலு வார்த்தை எழுதியிருந்தார்: "ஏற்றியவர் எண்ணியது, நான் எண்ணவில்லை." கிடங்குகளில் சரக்கைப் பூட்டி முத்திரை வைத்துக் கொடுப்பார்கள், உள்ளே என்ன இருக்கிறதென்று ஓட்டுநருக்குக் காட்ட மாட்டார்கள். பின்னால் சரக்கு குறைந்தால் தன் தலையில் விழக் கூடாதென்று, ஓட்டுநர்கள் ரசீதில் இப்படி எழுதிக் கையெழுத்துப் போடுவது வழக்கம். ஆர்லிஸின் கை வலி மருந்தின் மயக்கத்திலும் தன் பழக்கத்தை விடவில்லை.

பிட்மனுக்கு அது பொக்கிஷம். சரக்கு ரசீது என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன், என்ன காகிதம் என்றே தெரியாது என்று ஆர்லிஸ் சத்தியம் செய்தால் போதும். விடுவிப்பு செல்லாது, நிறுவனம் பணம் தர வேண்டியிருக்கும் என்றார். டென்வரில் இரண்டாவது அறுவை சிகிச்சை நடக்கும், ஊன்றுகோலோடாவது நிற்கலாம். உன்னைப் பற்றிக் கேட்டதற்கு, அந்தப் பணத்தை நிறுவனம் உன்னிடம் வசூலிக்க வந்தால் அது உன் பாடு என்றார்.

ஆர்லிஸ் அந்தப் பிரதியை மேசையில் திருப்பி வைத்தார். பிறகு சொன்னார்: "காகிதத்த நான் படிக்கல, அது நெசம். ஆனா அந்தப் பொண்ணு மொகத்தப் படிச்சேன். தெரியாம மன்னிச்சிட்டேன்னு என்னால சொல்ல முடியாது சார்."

பிட்மன் என்னைப் பார்த்தார். நான் அவருடைய அலமாரியில் இருந்த சட்டப் புத்தகங்களைப் பார்த்தேன். எல்லாம் ஒரே உயரம்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் அவரிடம் கெஞ்சினேன், மாரென். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே ஒரு பொய், அதிலும் பாதி உண்மை என்றேன். "நீ சொல்றது சரிதாம்மா" என்றார். மறுநாளும் சத்தியம் செய்யப் போகவில்லை.

பிட்மன் விடாமுயற்சி உள்ளவர். சில வாரங்கள் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கணவர் முடமானதால் மனைவிக்கு நேர்ந்த இழப்புக்கு, மனைவி தனியாக உன் மேல் வழக்குப் போடலாமாம். "நீங்க எதுலயும் கையெழுத்துப் போடலையேம்மா" என்றார். ஆமாம், போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. முதியோர் இல்லத்தில் நீ வாங்குகிற சம்பளத்தில் ஒரு பகுதி மாதாமாதம் எனக்கு வரும். அது டென்வருக்குப் போதாது. ஆனாலும் பல இரவுகள் அந்தக் காசோலையை மனத்துக்குள் வாங்கிப் பார்த்தேன். தொகைக்காக அல்ல. மாதம் ஒரு முறையாவது உனக்கு எங்கள் நினைப்பு வரும் என்பதற்காக.

வழக்குப் போட நேற்று மாலை வரை கெடு. நேற்று முழுவதும் நான் பீச் பழம் வேகவைத்து ஜாடிகளில் அடைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி இரண்டு தடவை அடித்தது. கை பிசுபிசுவென்று இருந்ததால் எடுக்கவில்லை.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. அது என்னிடம் இன்னும் வந்து சேரவில்லை. வந்தால் தெரிவிக்கிறேன்.

நீ இனி பயப்பட ஒன்றுமில்லை. எனவே உன்னிடம் ஒன்று கேட்க உரிமை உண்டென்று நினைக்கிறேன். தபால்காரர் வரும் நேரத்தில் ஆர்லிஸ் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். பில்களை என்னிடம் நீட்டிவிட்டு மறுபடி கூட்டிவைக்கிறார். குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டானா என்று என்னிடம் கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? அவருக்கு எழுது. எப்படி நடக்கிறான், எதைப் பிடித்துக்கொண்டு எழுந்தான், எத்தனை முறை விழுந்தான், எல்லாவற்றையும் எழுது. அவர் மனம் நோகுமே என்று எதையும் விட்டுவிடாதே.

கடவுள் உங்களைக் காப்பாற்றட்டும். வண்டியை மெதுவாக ஓட்டு.

இப்படிக்கு,
வெர்லீன் ஸ்ட்ரவுட்