பத்தியத்துக்கு மலாய்ச் சொல்

மே 5, திங்கள்

லக்ஷனாவுடன் இன்றைக்கும் பால் சண்டை. கோவிலில் தந்த பஞ்சாமிர்தத்தை அவள் தொடவில்லை. "சைவமாய் இருக்கிறது எனக்கும் விளங்கும். பால் என்ன பாவம் செய்தது?" என்று கேட்டேன்.

"பால் ஒண்டும் செய்யேல்லை அம்மா. மாட்டுக்கு நாங்கள்தான் செய்யிறம்."

வாய் மட்டும் என்னிடமிருந்து வந்திருக்கிறது. ஒரு தேத்தண்ணிக்குப் பால் விட்டாலே முகத்தைச் சுளிக்கிறாள். பாலைத் தள்ளுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

வேலை தொடங்குமுன் சிநேகிதியோடு மலேசியாவுக்குப் போகிறாளாம். ஹோட்டல் இல்லை. பஹாங் பக்கம் கிராமம் கிராமமாய், ஆட்களின் வீடுகளில் தங்கப் போகிறாளாம். பஹாங் என்றதும் நான் குசினிக்குள் போய்விட்டேன்.

மே 8, வியாழன்

"உங்களுக்கு மலாய் தெரியுந்தானே, சொல்லித் தாங்கோவன்" என்கிறாள்.

தெரியும். இங்கே சுவிஸுக்கு வருமுன் ஏஜென்சிக்காரனை நம்பி அங்கேதானே கிடந்தோம். இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பாஷையை நான் வாயில் எடுக்கவில்லை.

மே 11, ஞாயிறு

சாப்பாட்டு மேசையில் பாடம். சாயா தாக் மாக்கான் டாகிங். நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. ஆனால் 'டாகிங்' என்றால் அந்த ஊர்களில் மாட்டிறைச்சியைத்தான் நினைப்பார்கள், கோழியைக் கொண்டுவந்து வைப்பார்கள். கோழியும் வேண்டாம் என்றால் மீன். மீனும் வேண்டாம் என்றால் கீரைக்குள் இறால் விழுது போட்டிருப்பார்கள். பிறகு தாக் தெலுர், முட்டை வேண்டாம். தாக் சூசூ, பால் வேண்டாம். 'தாக்', 'தாக்' என்று சொல்லிக்கொண்டே போனோம்.

"ஆக்களின்ர வீட்டை சண்டைக்குப் போற மாதிரியெல்லோ கிடக்கு" என்று சிரித்தாள்.

அப்போதுதான் அது என் வாயில் வந்தது. "டாலாம் பந்தாங் எண்டு சொல்லு. பத்தியத்தில இருக்கிறன் எண்டு அர்த்தம். ஒருத்தரும் நெருக்க மாட்டினம்."

இவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் கதைப்பதில்லை.

அந்தச் சொல் எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. நல்லது.

மே 19, திங்கள்

போய்விட்டாள். இங்கே லா ஷோ-து-ஃபோனில் நாள் முழுக்க மழை.

மே 23, வெள்ளி

படம் அனுப்பியிருக்கிறாள். வெறும் சோறும் வாழைப்பழமும். மெலிந்துவிட்டாள்.

மே 27, செவ்வாய்

மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் எனக்கு இடைவேளை நேரம் அழைத்தாள்.

"அம்மா, நீங்கள் சொல்லித் தந்ததைச் சொன்னனான். இந்த வீட்டு அன்ரி என்ர வயித்தைப் பாத்திட்டு, பிள்ளை எங்கை எண்டு கேக்கிறா. நான் இல்லை எண்டன். அவ அழத் துவங்கிட்டா. கல்லைச் சூடாக்கித் துணியில சுத்தி வயித்தில வைக்கிறா. மிளகு போட்டு மீன் சுட்டுத் தாறா. எனக்கு என்னம்மா சொல்லித் தந்தனீங்கள்?"

"பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டேன்.

நமக்கு மருந்து குடித்தாலும் பத்தியம், பிள்ளை பெற்றாலும் பத்தியம். அவர்களுக்கு 'டாலாம் பந்தாங்' என்றால் பிள்ளை பெற்றவள்தான். எனக்கெங்கே தெரியும்? அந்தச் சொல்லை நான் ஒருத்தியின் வாயிலிருந்துதான் கேட்டேன். என்னைக் காட்டித்தான் அவள் சொன்னாள்.

பின்னேரம் நான் பூட்டிய சக்கரங்களில் பாதி பழுது.

மே 28, புதன்

வேலைக்குப் போகவில்லை. எழுதிவிடுகிறேன். எழுதினால் என்ன, வீடு இடிந்தா விழும்?

விசா இல்லையென்று இவரைப் பொலிஸ் பிடித்து முகாமில் போட்டிருந்தது. நான் வயிற்றோடு எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்தேன். ரொஹானி என்ற மலாய்க்காரி தன் வீட்டில் ஏற்றினாள். மாக்சிக், அதாவது அன்ரி, என்றுதான் கூப்பிடுவேன். அங்கேதான் என் முதல் பிள்ளை பிறந்தாள். பெண்பிள்ளை. வருகிற சனத்துக்கெல்லாம் மாக்சிக் என்னைக் காட்டி 'டாலாம் பந்தாங்' என்பாள், அவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். அந்தக் கல்லை என் வயிற்றிலும் வைத்தாள். அந்த மீனை நானும் தின்றேன்.

எனக்குப் பால் வரேல்லை. பயமோ என்னவோ, வரேல்லை. வந்த கொஞ்சமும் பிள்ளைக்குக் காணேல்லை. கத்திக் கத்திப் பிறகு கத்தவும் ஏலாமல் கிடந்தது. மாக்சிக் பால்மா வாங்க டவுனுக்குப் போனவள். வரேக்குள்ளை எல்லாம் முடிஞ்சுது—

தோட்டத்தின் ஓரத்தில், மரங்களுக்குக் கீழே புதைத்தோம்.

லக்ஷனா செய்தி போட்டிருக்கிறாள். "அம்மா, அங்கை ஆர் பந்தாங் இருந்தது?"

மே 29, வியாழன்

சொன்னேன்.

"எனக்கு அக்காவோ?"

"ஓம்."

"பேர்?"

"வைக்கேல்லை. அப்பா வந்து வைக்கட்டும் எண்டிருந்தன்."

எந்த இடம் என்று கேட்டாள். ஊரின் பெயரையும் மாக்சிக்கின் பெயரையும் சொன்னேன். "இவ்வளவு காலமும் என்னை மூத்தவள் மூத்தவள் எண்டு கூப்பிட்டனீங்கள்" என்றாள். வைத்துவிட்டாள்.

மே 30, வெள்ளி

"சொல்லிட்டியோ?" என்று இவர் கேட்டார். ஓம் என்றேன். சாப்பிடாமல் வேலைக்குப் போனார்.

ஜூன் 1, ஞாயிறு

அழைப்பில்லை. நான் எடுத்தாலும் தூக்குகிறாளில்லை. ஒன்றைப் புதைத்துவிட்டு வந்தேன், மற்றதையும் அந்த ஊரே எடுத்துக்கொள்ளப் போகிறதோ?

ஜூன் 2, திங்கள்

இல்லை.

ஜூன் 4, புதன்

மதிய இடைவேளையில் பார்த்தேன். குரலில் பேசி அனுப்பியிருந்தாள். கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கேட்டேன்.

"அம்மா, நான் அந்த ஊருக்கு வந்திட்டன். மாக்சிக் ரொஹானி செத்துப்போனாவாம். வீடும் இல்லை. பழைய மரங்களை வெட்டிப் புதுசு வைச்சிருக்கினம். எந்த இடம் எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. கடையில போய் சூசூ எண்டு பால் கேட்டன். பெரிய பெட்டியாய் ரெண்டு வாங்கினனான். எந்த மரம் எண்டு தெரியாதபடியால், தோட்டத்தின்ர ஓரமெல்லாம் நடந்து நடந்து, எல்லா மரத்துக்குக் கீழையும் ஊத்தினனான். முடிஞ்சுது. காணுமோ அம்மா?"

மணி அடித்தது. ஆட்கள் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

காணும் என்று எழுதினேன்.