பட்டினி கிடந்த குட்டி மலைப்பாம்பு

அம்மாவுக்கு ஹுவேஃபாவின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நான் பிரெஞ்சு கற்பிக்கத் தங்கியிருக்கும் ஜோகன்னஸ்பர்க் வீட்டில் ஒரு குட்டி மலைப்பாம்பு வளர்க்கிறார்கள். இரண்டு மாதமாக அது தின்னவில்லை. எப்படித் தின்னும்? எஜமானி ரீனெட் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, செத்த எலியை முகத்தில் இடித்து, "சாப்பிடுடி செல்லம், அம்மாவுக்காக!" என்று கொஞ்சுகிறாள்.

"எங்க ஊரு வீதாவில, பாம்புக் கோயில்ல, இதுக்கு யாரும் ஊட்டி விடறதில்லம்மா. இருட்டுல தனியா விடுங்க, தானே தின்னும்" என்றேன்.

"பாம்பைக் கும்பிடுற ஊராச்சே!" என்று சிரித்தாள்.

அவள் கடற்கரைக்குப் போயிருந்த வாரத்தில் கண்ணாடிப் பெட்டியை என் அறையில் வைத்துத் துணியால் மூடினேன். மூன்று நாள் கழித்து எலியை வைத்தேன், விடிந்தபோது இல்லை. திரும்பியவள், "என் பாசம்தான் சாப்பிட வச்சுது" என்று தோழிகளிடம் பீற்றுகிறாள். மறுபடி கழுத்தில் மாட்ட வேண்டுமாம்.

பாம்போடு உள்ளே இருந்துகொண்டு என் அறைக் கதவைப் பூட்டிவிட்டேன். வேலை போனால் போகட்டும். நம் மொழியில் பேச இங்கே எனக்கு இந்தப் பாம்பு ஒன்றுதான் இருக்கிறது.

மிளகாய்ப்பொடி கொடுத்தனுப்பு. ரீனெட் கதவைத் தட்டுகிறாள்.

ஹுவேஃபா