இரண்டாம் பட்டன்

பாகலூர் சாலை, ஓசூர்
ஞாயிறு காலை

அன்புள்ள வீரலட்சுமிக்கு,

இங்கே நான் நலம். நீ, லாவண்யா, மாப்பிள்ளை, பேரன் நால்வரும் நலமாக இருப்பீர்கள். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதமாக உன் பேரில் நான் சீரியல் பார்த்து வருகிறேன்.

இதை வாட்ஸப்பில் அனுப்பினால் லாவண்யா உரக்க வாசிப்பாள், மாப்பிள்ளைக்குப் புரை ஏறும். அதனால்தான் பேரனுக்கு அனுப்பும் கேழ்வரகு மாவுக்கு அடியில் கடிதமாக வைத்திருக்கிறேன்.

எந்த வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க, இரண்டு வருடத்துக்கு முன் நம் டி.வி. பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி வைத்தார்களே, அதில்தான் இந்தத் திருட்டு. அவர்கள் வந்த அன்று எனக்குப் பகல் ஷிப்ட். விவரமெல்லாம் நீதான் கொடுத்தாய். வெளியே மூச்சு விடமாட்டோம் என்று என் வாயைப் பற்றித் தெரிந்தும் உறுதி கொடுத்தாய். ஆளுக்கு ஒரு எண் என்று அதன் குட்டி ரிமோட்டில் ஒன்றையும் இரண்டையும் அமுக்குவதும் உன் வேலையாகவே இருந்தது.

மகளைப் பார்க்க நீ புனேவுக்கு ரயில் ஏறிய அன்று டி.வி.யைப் போட்டேன். பார்ப்பது யார் என்று பெட்டி கண் சிமிட்டியது. குடும்பத் தலைவன் ஒன்று, மனைவி இரண்டு. இதில் சந்தேகம் என்ன? நாற்பது பேரை வேலை வாங்கும் சூப்பர்வைசர் தன்னந்தனியாக உட்கார்ந்து மாமியார் கொடுமை பார்க்கிறான் என்று எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் ஏறுவதா? இரண்டை அமுக்கினேன். அன்றிலிருந்து தினமும் இரண்டுதான்.

மானம் மட்டும் காரணமில்லை. ஆள் குறைந்தால் சீரியலை நிறுத்திவிடுவார்கள் என்று நீதான் புலம்புவாய். கிளம்பும்போது, "வந்து மிச்சத்தைப் பாத்துக்கிறேன், அதுக்குள்ள முடிச்சுப்புடாமப் பாத்துக்கங்க" என்றாய், சீரியலே என் கையில் இருப்பதுபோல. அது நின்றுபோனால், ஒரு மனுஷனும் ஒரு குக்கரும் மட்டும் இருக்கும் வீட்டுக்கு நீ எதற்காக வரப்போகிறாய்?

நம் ஹால் எப்படி இருந்தது, நினைவிருக்கிறதா? ஏழரை ஆனால் பக்கத்து வீட்டு மாதேஸ்வரி, எதிர்வீட்டு வெங்கடம்மா, பின் வரிசைப் பெண்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். அந்த மாமியாருக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் வசவு விழும். என் சோபாவில் எனக்கு இடமிருக்காது. அடுப்படியில் நின்று சாப்பிட்டுக்கொண்டே உங்களைக் கிண்டல் செய்வேன்.

இப்போது நானே வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிறேன். மாதேஸ்வரி காதிலிருந்து ஒயரை எடுக்காமலே, "அத மத்தியானமே போன்ல பாத்துட்டேண்ணா. தள்ளித் தள்ளிப் பாத்தா ஏழு நிமிசந்தான்" என்கிறாள். வெங்கடம்மாவுக்கு மகன் போன் வாங்கித் தந்திருக்கிறான். அதில் யாரோ தெலுங்கில் சமைத்துக்கொண்டிருக்க, அதை நெஞ்சில் வைத்தபடி தூங்கிவிடுகிறார். கேன்டீனில்கூட ஒரே பெஞ்சில் பத்துப் பேர் பத்துப் போனைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள்.

போன மாதம் சீரியலை ஆறு மணிக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும் என்று சொல்லி ஓ.டி.யைத் தட்டிக்கழித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வருகிறேன். கண் கலங்குவது உண்மைதானே.

கதைச் சுருக்கம் கேட்பாய். மருமகள் மல்லிகா மாடிப்படியில் உருண்டு கோமாவில் கிடக்கிறாள். எட்டு மாதத்தில் நடந்தது அவ்வளவுதான். டாக்டர் நாற்பது நாளாக ஒரே சட்டை. மாமியாருக்கு மட்டும் தினம் ஒரு பட்டுப்புடவை.

இந்த மாதக் கடைசியோடு முடிக்கப்போகிறார்களாம். என்னால் முடிந்தவரை அமுக்கினேன் வீரா. ஒரு விரலால் எவ்வளவு தாங்க முடியும்?

பேரன் குப்புற விழட்டும், வருகிறேன் என்றாய். விழுந்தான். உட்காரட்டும் என்றாய். உட்கார்ந்துவிட்டான். இப்போது தவழட்டும் என்கிறாய். அவன் வளர்ந்துகொண்டேதான் இருப்பான். மல்லிகா எப்படியும் கடைசி வாரம் கண் விழிப்பாள். அப்போது சோபாவில் இன்னொரு ஆள் இருந்தால் நன்றாக இருக்கும். நீ வந்தால் அடுப்படிக்கே போய்விடுகிறேன்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசிகள். பேரன் தலையில் என் பேரைச் சொல்லி ஒருமுறை கை வை.

இப்படிக்கு,
சோபா முழுவதையும் வைத்துக்கொண்டு திண்டாடும்
வெள்ளைச்சாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில், பெட்டியைச் சோதிக்க வரும் சிவராஜ் வந்தான். துடைத்தான், ஒயரை ஆட்டிப் பார்த்தான். "என்னாங்க சார், மேடம் ஊர்லருந்து இன்னும் வர்லியா?" என்றான். "உனக்கு யார் சொன்னது?" என்றேன். நீ கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினான். ஒன்று, வீரலட்சுமி, குடும்பத் தலைவி. இரண்டு, வெள்ளைச்சாமி, கணவர். "என் லைன்லயே ஒரு நாள் வுடாம சீரியல் பாக்கற ஆம்பள நீங்க ஒருத்தர்தான் சார்" என்று கைகொடுத்தான். ஒன்றாம் பட்டனை எட்டு மாதமாக யாரும் அமுக்கவில்லையாம்.