நாலு தட்டில் ஒன்று

1964 ஆகஸ்ட் 12, புதன்

கார் இன்ஜினின் தீப்பொறி ரேடியோவில் எவ்வளவு இரைச்சல் கிளப்புகிறது என்று இன்று வொர்க்‌ஷாப்பில் அளந்துகொண்டிருந்தேன். சுரங்கத்தில் வேலை பார்க்கும் மச்சான் வந்து ஹெட்போனை வாங்கி மாட்டினான். படபடவென்று கேட்டதும் வீசிவிட்டு வெளியே ஓடினான். பாறை வெடிக்குமுன் அப்படித்தான் படபடக்குமாம். நான் சிரித்திருக்கக் கூடாது.

திரும்பி வந்தான். மறுபடி மாட்டிக் கண்ணை மூடினான்.

"இன்னா மாமா, நாலு தட்டுல ஒண்ணு பொத்துனு கேக்குது? கழண்ட கல்லைத் தட்டுனா இப்டித்தான் கேக்கும்."

மீட்டர் முள்ளில் அந்த வித்தியாசம் தெரியவேயில்லை. பானெட்டைத் திறந்தேன். நாலு ஸ்பார்க் பிளக்கில் மூன்றாவது கரிபிடித்துக் கிடந்தது. அதை மாற்றியதும், "இப்ப கெட்டிக் கல்லு" என்றான்.

காலையில் அவனுக்கு முதல் ஷிப்ட். உள்ளே தூங்குகிறான். அந்தக் காதை எழுப்பிவிடக் கூடாதென்று பேனாவைக்கூட மெல்லத்தான் ஓட்டுகிறேன்.