பேசாத துரையின் அக்கா

2003 பெப்ரவரி 2, ஞாயிறு

காலையில் மைனஸ் பதினொன்று. படிக்கட்டெல்லாம் பனி இறுகிக் கிடக்கிறது. சமையல்: கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, மீன் பொரியல். மீன் வ.வுக்காக.

இனிமேல் இந்தக் கொப்பியில் அவள் வெறும் வ.தான். வசந்தி மச்சாள் என்று முழுதாக எழுத மனம் வரவில்லை. என் கணவர் சி.யின் அக்கா என்பதற்காக என் மையை வீணாக்க முடியாது.

வழக்கம்போல் திராமன் நகரிலிருந்து வந்தாள், சாப்பிட்டாள், தன் மூன்று மணி நிகழ்ச்சிக்காக ஒஸ்லோத் தமிழ் வானொலிக்குப் போனாள். கோப்பை கழுவிக்கொண்டே வானொலியைப் போட்டேன். "அன்பான நேயர்களே, உங்களுக்காக நான் எழுதும் புதிய தொடர்" என்றாள். அடுத்த வசனம்: "கப்பல் கரையைத் தொடுமுன்பே அவள் கையுறைகளைக் கழற்றிவிட்டாள்."

அது என் வசனம். ஹவுகெட்டோவிலிருந்து ஹொல்ம்லியா வரும் ரெயினில், வேலைத்தாளின் பின்பக்கத்தில் நான் எழுதியது. போன மாதம் காய்ச்சலில் படுத்திருக்கிறேன், வாசிக்க ஏதும் தாரும் என்று கேட்டாள். இரக்கப்பட்டு என் கதைக் கொப்பியைக் கொடுத்தேன். என் இரக்கத்தில் நெருப்பு வைக்க.

நாலு பேர் ரெலிபோனில் வந்து பாராட்டு. "இவ்வளவு நாளும் இந்தத் திறமையை எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?" என்று ஒருத்தி. என் அலுமாரியில்.

ஒரு கோப்பை உடைந்தது. நல்ல கோப்பை.

பெப்ரவரி 4, செவ்வாய்

வேலை. இன்று முதியோர் இல்லத்தில் நூற்றுக்கு மேல் விரிப்புகள். நொய்யிடம் சொன்னேன். சலவைப் பகுதியில் என்னோடு விரிப்பு மடிக்கிற தாய்லாந்துப் பெண். கதை வந்ததே அவள் வீட்டு ரீவியிலிருந்துதான். பாங்கொக்கிலிருந்து தங்கை ரீவி நாடகங்களை வீடியோத் தட்டுகளில் அனுப்புவாள், சனிக்கிழமைகளில் இருவரும் பார்ப்போம். எனக்குத் தாய்லாந்து மொழி தெரியாது. அவள் தன் நோர்வேஜியத்தில் சொல்லுவாள், நான் என் நோர்வேஜியத்தில் விளங்கிக்கொள்ளுவேன். இடையில் விழுந்து போவதை வீட்டுக்கு வந்து தமிழில் நிரப்புவேன். ஒரு வருடமாக எனக்கு வேறு சந்தோஷம் கிடையாது.

கதை எழுபது வருடத்துக்கு முந்தியது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பெண். கட்டை முடி, கார் ஓட்டுவாள், ஆண்களுக்கு நடுவில் இருந்து வாதாடுவாள். அவள் விரும்புகிறவன் அரண்மனை வழிக் குடும்பம், மூன்று கேள்விக்கு ஒரு பதில். நான் அவளுக்குச் சியாமளா என்றும் அவனுக்குத் துரை என்றும் பெயர் வைத்தேன். இப்போது ஒஸ்லோத் தமிழ்ப் பெண்கள் எல்லோர் வாயிலும் "பேசாத துரை".

பேசாத ஒருவரை நானும்தான் கட்டியிருக்கிறேன். துரை பேசாதது கண்ணியத்தால். சி. பேசாதது அக்காவுக்குப் பயந்து. நேற்று நான் கெஞ்சியபிறகு அவளுக்கு ரெலிபோன் எடுத்தார். ஒரு நிமிடத்தில் என் கையில் தந்துவிட்டுக் குளியலறைக்குப் போய்விட்டார்.

"அது தாய்லாந்துக்காரன்ரை கதை தானே, பவானி. நீர் எழுதினதெண்டு என்னெண்டு சொல்லுறது?" என்றாள் வ.

நாடகத்தில் சியாமளா கையுறையே போடவில்லை. அதை நான் போட்டேன், நான் கழற்றினேன். இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

பெப்ரவரி 9, ஞாயிறு

மைனஸ் மூன்று. சேறு. ஆட்டிறைச்சி. (மீன் இல்லை. அவளுக்கு ஆட்டிறைச்சி ஒத்துக்கொள்ளாது.)

கூச்சமே இல்லாமல் இரண்டாவது கொப்பியைக் கேட்டாள். முந்தியது முடிந்துவிட்டதாம், சனம் காத்திருக்குதாம். நான் தரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் சி. எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டார். அவள் திறந்தும் பார்க்காமல் கைப்பைக்குள் வைத்தாள்.

நேரடி நிகழ்ச்சியில் தடுமாறினால் என்ன செய்வீர்கள், முதலில் ஒருக்கால் வாசித்துப் பார்க்கக்கூடாதா என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"முதலே வாசிச்சால் குரலிலை உணர்ச்சி வராது, மச்சாள். மைக்குக்கு முன்னாலைதான் நான் முதல்தரம் வாசிக்கிறனான்" என்றாள், பெரிய கலைஞர் மாதிரி.

அவள் போனபிறகு கதவைப் பூட்டினேன். சிரிப்பு வந்தது. சி. என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

பெப்ரவரி 12, புதன்

வ.வைப் பற்றி எனக்குத் தெரிந்தவை:
– பேசுமுன் இரண்டு தரம் தொண்டையைச் செருமுவாள்.
– சுடுதண்ணீரில் இஞ்சி, எங்கே போனாலும் ஒரு போத்தல்.
– யாராவது பாராட்டினால் கண்ணை மூடித் தலையை இடப்பக்கம் சாய்ப்பாள்.
– ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுச் சாப்பாடு. ஒருநாளும் கோப்பை கழுவியதில்லை.
– "எங்கடை குடும்பத்திலை எல்லாருக்கும் கலை இரத்தத்திலை."

போதும். தாராளம்.

பால், வெங்காயம், சி.யின் சப்பாத்து திருத்தக் கொடுத்தது எடுக்க.

பெப்ரவரி 15, சனி

நொய் வீட்டில் கடைசித் தட்டுகள். துரை துறைமுகத்துக்கு வந்து, முப்பது தட்டுக்குப் பிறகு, ஒரேயொரு வசனம் பேசுகிறான். நொய் அழுதாள். என்ன சொன்னான் என்று கேட்டால், அழுகைக்குள் "போகாதே மாதிரி, ஆனால் அதைவிட மரியாதையாக" என்றாள். வேறு நாளென்றால் அந்த ஒரு வசனத்தைத் தமிழாக்கவே இரண்டு கிழமை எடுத்திருப்பேன். இன்று மனம் அதில் இல்லை.

என் திட்டத்தைச் சொன்னேன். கதைக்குள் ஒரு புது ஆள்: துரையின் மூத்த அக்கா செம்பகம். சியாமளா துரைக்கு எழுதும் கடிதங்களைக் களவெடுத்து, தன் கையெழுத்தில் பிரதி பண்ணி, விருந்தாளிகளுக்குத் தான் எழுதியதென்று வாசிக்கிறவள்.

நொய் கண்ணைத் துடைத்துவிட்டு ஒரேயொரு புத்தி சொன்னாள். அவர்களுடைய நாடகத்தில் மோசமான வில்லிதான் கத்துவாளாம். நல்ல வில்லிக்குத் தான் வில்லி என்று தெரியவே தெரியாதாம்.

வீட்டுக்கு வந்து புதுக் கொப்பியில் ஒரே இருப்பில் பதினான்கு பக்கம். ஒரு வெட்டுமில்லை, திருத்தமுமில்லை. இப்படி நான் ஒருநாளும் எழுதியதில்லை. கை நோகிறது. இன்னும் எழுதலாம் போலிருக்கிறது.

பெப்ரவரி 16, ஞாயிறு

வெயில். கூரையிலிருந்து பனி விழுந்துகொண்டே இருந்தது. மீன் பொரித்தேன், இரண்டு விதமாக. அடுத்த அத்தியாயம் என்று புதுக் கொப்பியை நானே அவள் கையில் கொடுத்தேன்.

மூன்று மணி. சி. மேசையில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். நான் வானொலிக்குப் பக்கத்தில்.

நன்றாகத்தான் வாசித்தாள். அதை மறுக்க முடியாது. "செம்பகம் இரண்டு தரம் தொண்டையைச் செருமினாள்" என்று வாசித்தாள். இஞ்சித் தண்ணீரை வாசித்தாள். தம்பி வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டு, அந்த வீட்டுப் பெண்ணின் கடிதத்தை மடியில் ஒளித்துக்கொண்டு போவதை, குரல் தழுதழுக்க வாசித்தாள். சி. உரித்த பழம் கையிலேயே இருந்தது. என்னைப் பார்த்தார், கீழே பார்த்தார்.

வ.வின் குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. அவளுக்கு விளங்கவேயில்லை!

பிறகு நேயர்கள். ஏழு பேர். செம்பகத்துக்குக் கை விளங்காமல் போக வேண்டும் என்றாள் ஒருத்தி. நாக்கு அழுக வேண்டும் என்றார் ஒரு வயதான மனிதர். கேட்கக் கேட்க எனக்கு வயிறு குளிர்ந்தது. எல்லோரையும் மிஞ்சி வ.வே அழைத்தவளிடம் சொன்னாள்: "எனக்கும் வாசிக்கேக்கை பத்திக்கொண்டுதான் வந்தது, அக்கா. அடுத்தவையின்ரை எழுத்தை எடுத்துத் தன்ரை எண்டு சொல்லுறவளுக்கு வெக்கம் ரோசம் இருக்குமோ?"

அப்போது என்னை மறந்து கை தட்டினேன். ஆனால் கடைசி அழைப்பில் ஒரு பிள்ளை, இந்தச் செம்பகத்தை எப்படி அக்கா இவ்வளவு அச்சொட்டாக எழுதினீங்கள் என்று கேட்டது. இவள் அந்தத் தொண்டையை இரண்டு தரம் செருமிவிட்டுச் சொல்கிறாள், கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் எழுதினாளாம்.

செம்பகத்தையும் எடுத்துவிட்டாள். முந்தியதெல்லாம் தாய்லாந்துக் கதை என்று நானே என் மனதைச் சமாதானப்படுத்தலாம். இது என் வயிற்றெரிச்சலில் பிறந்தது. இதற்குத் தட்டு இல்லை, நொய் இல்லை, ஒருவரும் இல்லை. முழுக்க முழுக்க என்னுடையது.

பழி வாங்கியும் வாங்காத மாதிரி.

பெப்ரவரி 17, திங்கள்

வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றுமுன் ரெலிபோன். வ.தான். குரலில் தேன். வானொலிக்கு இன்றைக்கும் அழைப்பு வந்ததாம். துரையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையாம், எல்லோருக்கும் செம்பகம்தான் வேண்டுமாம். அடுத்த ஞாயிறு கடைசி அத்தியாயம் என்று அறிவித்தும் விட்டாளாம்.

"அந்தத் தாய்லாந்துப் படத்திலை செம்பகத்துக்குக் கடைசியிலை என்ன நடக்குது, மச்சாள்?"

நின்றபடியே சொன்னேன்.

"அந்தப் படத்திலை செம்பகம் எண்டு ஒருத்தியும் இல்லை, மச்சாள். அவளை நான் எழுதினனான். உங்களைப் பாத்து எழுதினனான்."

அந்தப் பக்கத்தில் மூச்சு மட்டும். நேற்று வாசித்த ஒவ்வொரு வரியும் இப்போதுதான் அவளுக்குள் இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது. இறங்கட்டும் என்று விட்டேன்.

பிறகு, அந்த வானொலிக் குரல் எதுவும் இல்லாமல் கேட்டாள்: "அப்ப வாற ஞாயிறு நான் என்னத்தை வாசிக்கிறது?"

"முதலிலை என்ரை பெயரை வாசியுங்கோ. பிறகு கொப்பியைத் தாறன்."

ரெலிபோனை நான்தான் முதலில் வைத்தேன்.